“அது தோட்டத்துக் காணி” என்று இனிக் கைவிரிக்க முடியாது

(தோட்டத் தலைவர், தலைவியருக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காலையில் சம்பளத்தைப் பற்றியும் கொழுந்து நிறுவையைப் பற்றியும் பேசி முடித்துவிட்டீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குக் கிடைத்திருப்பது பிரதேச சபை. கண் சொருகும் நேரத்துக்குப் பார்த்துத்தான் இந்தத் தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பரவாயில்லை, ஒரு கேள்வியோடு தொடங்குவோம்.

போன வருடம் உங்கள் தோட்டக் கமிட்டியிலிருந்து துரைக்கு எத்தனை கடிதம் போயிருக்கும்? பத்து, பதினைந்து என்கிறீர்கள். பிரதேச சபைக்கு எத்தனை? ஒருவரும் கை தூக்கவில்லை. கான் அடைத்தாலும் துரை, பாதையில் விளக்கு எரியாவிட்டாலும் துரை, மயானத்துக்குப் போகும் வழி சரிந்தாலும் துரை. துரை “கம்பனியில் காசில்லை” என்று சொன்னால் அந்த விடயம் அதோடு முடிந்தது.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கிராமச் சங்கச் சட்டமே லயத்தில் குடியிருந்த தொழிலாளிக்கு வாக்குரிமை கொடுக்காமல் ஒதுக்கி வைத்தது. 1930களில் அது பெரிய சர்ச்சையாகவும் இருந்தது. பிறகு 1948இல் பிரஜாவுரிமையையே பறித்தார்கள். உள்ளூரில் கிணறு வெட்டுவது, பாதை போடுவது என்று கிராமத்துக்காரர்கள் கூடிப் பேசிய எந்த இடத்திலும் நம் தாத்தா பாட்டிக்கு நாற்காலி இருக்கவில்லை. தோட்டத்து எல்லைக்குள் துரைதான் அரசாங்கம்.

அதன் பிறகு வந்தது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். 1991இல் சபைகளுக்கு முதல் தேர்தல் நடந்தது. நம்மில் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் வாக்களித்தோம், நம் ஆட்கள் உறுப்பினராகவும் தவிசாளராகவும் வந்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சபையின் பணத்தைக் கிராமங்களுக்குச் செலவிடலாம், தோட்டத்துக் குடியிருப்புக்குச் செலவிட முடியாது என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட பொருள். லயம் இருப்பது கம்பனிக் காணி, ஆகவே அது கிராமம் அல்ல. நம் வாக்கினால் வந்த தவிசாளரே, “நான் கையெழுத்துப் போட்டால் கணக்காய்வில் என்னைப் பிடிப்பார்கள்” என்று சொல்லும் நிலை. அவர் பொய் சொல்லவில்லை. தார் ரோட்டு தோட்டத்து எல்லைக்கல் வரைக்கும் வந்து நிற்கும். அதற்கப்பால் குண்டும் குழியும். இன்றைக்கும் பல இடங்களில் அந்தக் கோடு அப்படியே தெரிகிறது.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அதே சட்டம் பயிர்ச்செய்கைக் காணிக்கு ஏக்கர் வரி அறவிடும் அதிகாரத்தைச் சபைக்குக் கொடுத்திருக்கிறது. நாம் சாமான் வாங்கும் சந்தைக்கடை வாடகையும், டவுன் கடைகளின் அனுமதிக் கட்டணமும் சபைக்குத்தான் போகின்றன. தேயிலைச் செடிக்கு வரி வாங்கலாம், கொழுந்து எடுக்கிறவள் இருட்டில் நடக்கும் பாதைக்கு ஒரு பல்பு போடக் கூடாது! முப்பது வருடம் இந்தக் கணக்கு நடந்தது.

2018இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, நுவரெலியா மாவட்டத்தில் சபைகளைப் பிரித்தார்கள். அதுவரை நுவரெலியா பிரதேச சபையிலும் அம்பகமுவ பிரதேச சபையிலும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் வீதம் அடைபட்டுக் கிடந்தோம். நாட்டின் வேறு இடங்களில் சில பதினாயிரம் பேருக்கே ஒரு சபை. இப்போது அந்த இரண்டும் ஆறாகி, நுவரெலியா, அம்பகமுவ ஆகியவற்றோடு கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகள் இருக்கின்றன. இரண்டாவது, அந்த வருடத்தின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 33ஆம் பிரிவைத் திருத்தி, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை பணம் செலவழிக்க வழி திறந்தது.

வழி திறந்த பிறகு என்ன நடந்தது? கொரோனா வந்தது, அதற்குப் பின்னால் பொருளாதார நெருக்கடி. 2023 மார்ச் 19ஆம் திகதியோடு சபைகளின் காலம் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தலுக்குப் பணம் இல்லை என்றார்கள். இப்படித் தள்ளிப்போட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி, சபைகள் தொடங்கியது ஜூன் 2ஆம் திகதி. இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் இல்லாமல் அதிகாரிகளே நடத்தினார்கள். அதனால்தான் சட்டம் மாறியது நமக்கு இன்னும் உறைக்கவில்லை. சபையின் மேசையில் இருக்கும் சில உத்தியோகத்தர்களுக்கும் உறைக்கவில்லை. கடிதத்தோடு போனால் “அது தோட்டத்துக் காணி, துரையிடம் பேசுங்கள்” என்ற பழைய பதிலையே சொல்வார்கள். அப்போது நீங்கள் சொல்ல வேண்டியது “2018, 30ஆம் இலக்கம்”. கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே முன்வரிசையில் இருக்கும் தலைவி அக்கா சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் ஒன்று கேட்டார். “எல்லாத்துக்கும் சபைக்குப் போனா, துரை நல்லதாப் போச்சுன்னு கைகழுவிருவாரே தம்பி?” இன்றைக்கு நான் கேட்டவற்றில் இதுதான் சரியான கேள்வி. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகள் எடுத்த நாளிலிருந்து, எந்தச் செலவை யார் தலையில் கட்டலாம் என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள். ஆகவே கோட்டை நாமே தெளிவாகக் கிழிக்க வேண்டும். லயத்துக் கூரை ஒழுகினால் அது நிர்வாகத்தின் பொறுப்பு. பிள்ளை மடுவமும், மலையில் வேலை செய்யும் இடத்துக் கழிப்பறையும், மருந்துக் காம்பராவும் அப்படித்தான். இவற்றில் ஒன்றைக்கூடச் சபைக்கு எழுதாதீர்கள். எழுதினால் நம் கடிதத்தையே நாளைக்கு நமக்கு எதிராகக் காட்டுவார்கள். நாலு பேர் பொதுவாகப் பாவிக்கும் பாதை, நடைபாலம், தெருவிளக்கு, குப்பை, பாதையோரக் கான், மயானம், வாசிகசாலை, விளையாட்டு மைதானம் ஆகியவை சபையின் வேலை. தண்ணீர் மட்டும் சிக்கலானது. பீலியின் ஊற்றும் குழாயும் இருப்பது தோட்டத்துக்குள், அதில் நிர்வாகத்துக்கும் பொறுப்பு உண்டு. அதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பணிய டிவிஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு ஆறு, அதன் மேல் மரப்பலகைப் பாலம். பலகை உக்கி மூன்று இடத்தில் ஓட்டை. மழை நாளில் பிள்ளைகளை அனுப்பத் தாய்மார் பயந்தார்கள். கமிட்டி துரையைப் பார்த்தது. துரை, “பாதை பொதுப் பாதை, சபைக்குப் போங்கள்” என்றார். சபையில், “காணி தோட்டத்துடையது, சம்மதக் கடிதம் கொண்டு வாருங்கள்” என்றார்கள். திரும்ப துரை, “தலைமைக் காரியாலயத்தில் கேட்க வேண்டும்” என்றார். இப்படியே ஒரு வருடம் ஓடியது. அதுவரை எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு துண்டுக் கடிதம் கிடையாது.

பிறகு அந்தத் தோட்டத்துப் பெண்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒரே விடயத்தை இரண்டு கடிதமாக எழுதினார்கள். ஒன்று தவிசாளருக்கும் சபைச் செயலாளருக்கும், மற்றது தோட்ட முகாமையாளருக்கு. ஒவ்வொன்றின் பிரதியையும் மற்றவருக்கு அனுப்பினார்கள். பாலத்தைக் கடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, பாலத்தின் நீளம், உடைந்த பலகையின் படம் எல்லாம் சேர்த்து, இரண்டையும் பதிவுத் தபாலில் போட்டார்கள். முகாமையாளர் மறுத்தால் எழுத்தில் மறுக்க வேண்டும். ஒரு பிள்ளை ஆற்றில் விழுந்த பிறகு அந்த எழுத்து எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். சம்மதக் கடிதம் வந்தது. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்தார். பாலம் கட்டப்பட்டது. சீமெந்துப் பாலம் என்று பெருமையாகச் சொல்ல மாட்டேன், இரும்புக் கம்பியில் பலகை போட்ட பாலம்தான். ஆனால் ஓட்டை இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது அந்தச் சம்மதக் கடிதம். சட்டம் மாறினாலும் காணி மாறவில்லை. நிலம் இன்னும் கம்பனியின் குத்தகையில் இருப்பதால் சபை அந்தக் கடிதத்தைக் கேட்கத்தான் செய்யும். அதைச் சபையே வாங்கித் தரும் என்று காத்திருக்க வேண்டாம். நிர்வாகத்தோடு நடக்கும் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைக்குச் சம்பளம், பேர் போடும் பிரச்சினை என்று பட்டியல் கொண்டு போகிறோம் அல்லவா? அதன் கடைசியில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். சங்கத்தால்தான் செய்ய முடிந்த வேலை இது. தனி ஒருவர் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டால் கிடைக்காது.

இன்னொன்று, விலாசம். சிரிக்காதீர்கள். உங்கள் கடிதத்துக்குச் சபை பதில் போட்டால் அது எங்கே வரும்? லயத்துக் காம்பராவுக்கு இலக்கம் கிடையாது. தபால் தோட்ட ஆபீசுக்கு வந்து, யாருடையவோ மேசையில் கிடந்து, கொடுக்கும்போது கொடுப்பார்கள். துரையைப் பற்றிய முறைப்பாட்டுக்கு வந்த பதில் துரையின் ஆபீசில் கிடந்த கதையும் எனக்குத் தெரியும். ஆகவே பதில் விலாசமாகச் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தைக் கொடுங்கள். கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பில் உரிமை இருக்கிறது. சிங்களத்தில் பதில் வந்தால் விளங்கினாலும் திருப்பி அனுப்பித் தமிழில் கேளுங்கள்.

பதிலே வராவிட்டால்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையில் ஒரு தகவல் உத்தியோகத்தர் இருப்பார். “எங்கள் வட்டாரத்தில் இந்த வருடம் எத்தனை தெருவிளக்கு போட்டீர்கள், அதில் தோட்டத்துக்குள் எத்தனை?” என்று கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. நான் பார்த்த வரையில், இந்தக் கேள்வி போனாலே பழைய கடிதத்துக்கும் பதில் வந்துவிடுகிறது.

நம் உறுப்பினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேர்தலில் நின்று வென்றவர்களில் நம் சங்கத்து ஆட்களும் இருக்கிறார்கள், மற்றச் சங்கத்தாரும் கட்சிக்காரரும் இருக்கிறார்கள். யாராக இருந்தாலும் உங்கள் வட்டாரத்து மெம்பர் உங்கள் மெம்பர். திருவிழாவுக்கு மாலை போடக் கூப்பிடுகிறோம், கூட்டத்தில் என்ன பேசினார் என்று கேட்பதில்லை. சபை மாதம் ஒருமுறை கூட வேண்டும், கூட்டறிக்கை எழுத வேண்டும். உங்கள் பாதை, உங்கள் தோட்டத்தின் பெயரோடு ஒரு பிரேரணையாக அந்த அறிக்கையில் ஏறியிருக்கிறதா? அதைக் கேளுங்கள். “சேர்மனிடம் சொல்லியிருக்கிறேன்” என்பது பிரேரணை ஆகாது. குழுக்களும் இருக்கின்றன: நிதி, தொழில்நுட்ப சேவை, வீடமைப்பும் சமுதாய அபிவிருத்தியும், சுற்றாடல். இந்தக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. விடிய முன்னம் எழும்பி அந்தப் பாதையில் நடந்து பிரட்டுக்குப் போகிற ஒரு தலைவியைத் தொழில்நுட்பக் குழுவில் போடச் சொல்லிக் கேட்டால் என்ன? பாதையில் எந்த முடக்கில் விளக்கு வேண்டும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் ஏன் இந்த மாதமே சொல்கிறேன் என்றால், அடுத்த வருடத்துக்கான பாதீட்டைச் சபைகள் வருட முடிவுக்கு முன்னர் நிறைவேற்றியாக வேண்டும். அதற்கான வேலை இப்போதே நடக்கிறது. டிசம்பரில் போகும் கடிதத்துக்கு “ஒதுக்கீடு இல்லை, அடுத்த வருடம் பார்ப்போம்” என்றுதான் பதில் வரும், அதில் நியாயமும் இருக்கும். பாதீட்டை நிறைவேற்றுவதற்கு முன்னர் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. வைக்கும்போது இருவர் போய்ப் பாருங்கள். தோட்டங்களின் பெயர் எங்கே வருகிறது, எவ்வளவு வருகிறது, வராத தோட்டம் எது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். சபையிடமும் கொட்டிக் கிடக்கவில்லை, எல்லாம் கிடைக்காது. அதனால் ஒரு தோட்டத்துக்கு ஒரு வேலை, மிக அவசரமானது எதுவோ அது மட்டும். இருபது கோரிக்கையை ஒரே தாளில் எழுதினால் இருபதும் கோப்புக்குள் போகும்.

தேநீர் வருவதற்குள் ஒவ்வொரு தோட்டத்தவரும் தனித்தனியாக உட்கார்ந்து அந்த ஒரு வேலை எது என்று முடிவு செய்யுங்கள். தாளும் பேனையும் மேசையில் இருக்கின்றன. கடிதத்தை இங்கேயே எழுதிவிட்டுப் போவோம். நாளைக்குத் தபாலில் சேர்த்துவிட்டு, பதிவுத் தபால் பற்றுச்சீட்டின் பிரதி ஒன்றை மாவட்டக் காரியாலயத்தில் கொடுங்கள். எந்தத் தோட்டத்துச் சீட்டு வரவில்லை என்று அடுத்த வகுப்பில் பெயர் சொல்லிக் கேட்பேன்.