பன்னிரண்டு மரச் சிப்பாய்கள்



கற்பனை செய்யாத குழந்தை இல்லை. எனினும் எழுத்தாளராக மலர்வோர் மிகச் சிலரே. இடையில் நிகழ்வது யாது? இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள ஹாவொர்த் என்னும் சிற்றூர் இவ்வினாவிற்கு விடை தருகிறது.

அவ்வூர்ப் போதகர் பாட்ரிக் புரோன்ட்டியின் இல்லத்தில் 1821இல் தாய் மறைந்தார். 1825இல் மூத்த பெண்மக்கள் இருவர் காசநோய்க்கு இரையாயினர். எஞ்சியோர் சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் என்னும் நால்வர். 1826 ஜூனில் தந்தையார் லீட்ஸ் நகரிலிருந்து மகனுக்கென 12 மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். நால்வரும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துப் பெயர் சூட்டினர். பத்து வயதுச் சார்லட்டின் வீரன் வெல்லிங்டன் ஆனான். பிரான்வெலின் வீரன் நெப்போலியன் ஆனான். அவ்வீரர்களுக்காக ஆப்பிரிக்கக் கரையில் கண்ணாடி நகரம் எழுந்தது. பின்னர் மூத்தோர் இருவரின் அங்ரியா அரசும், இளையோர் இருவரின் கோண்டல் தீவும் தோன்றின.

இவ்வளவில் நின்றிருப்பின் அது விளையாட்டே. அவர்களோ சிப்பாய்களின் கைக்கேற்ற சிறு நூல்களைச் செய்யலாயினர். கிடைத்த தாள்களைத் தைத்து, அச்செழுத்தையொத்த நுண்ணெழுத்தில் தலைப்புப் பக்கம், பொருளடக்கம், விளம்பரம் அனைத்தும் அமைத்தனர். கனவு நூலுருப் பெற்ற அக்கணத்தில்தான் எழுத்தாளராகும் வேட்கை பிறந்தது எனலாம். சார்லட் 13 வயதில் இயற்றிய 10 கவிதைகள் அடங்கிய அத்தகைய சிறு நூலொன்று, 2022இல் 12.5 இலட்சம் டாலருக்கு வாங்கப்பெற்று, ஹாவொர்த் அருங்காட்சியகத்திற்கே வழங்கப்பட்டது.

வேட்கைக்குச் சோதனையும் வந்தது. 1836 இறுதியில் சார்லட் தம் கவிதைகளை அரசவைக் கவிஞர் ராபர்ட் சவுத்திக்கு அனுப்பினார். இலக்கியம் பெண்ணுக்கு வாழ்க்கைத் தொழிலாகாது என்றும், பகற்கனவு மனத்தைக் குலைக்கும் என்றும் 1837இல் மறுமொழி வந்தது. முற்பகுதி தவறு, பிற்பகுதியோ முற்றும் பொய்யன்று. ஆசிரியப் பணியில் இருந்த சார்லட்டை அங்ரியா அலைக்கழித்தது. ஏறத்தாழ 1839இல் அவ்வுலகிற்கு அவர் எழுத்திலேயே விடைகொடுத்தார். பிரான்வெல் விடைகொடுக்கவில்லை. அங்ரியா நாயகனின் பெயரையே புனைபெயராகக் கொண்டு இதழ்களில் கவிதை வெளியிட்டார். குடியும் அபினும் அவரைச் சிதைத்தன. 1848இல், 31 வயதில் மறைந்தார்.

ஒரே விளையாட்டில் வளர்ந்தோர்க்கு ஏன் இவ்வேறுபாடு? காரணங்கள் பலவாகலாம். ஒன்று மட்டும் தெளிவு. சகோதரியர் மூவரும் இரவுதோறும் உணவறை மேசையைச் சுற்றி நடந்தவாறு, தாம் எழுதுவதைத் தம்முள் பகிர்ந்து, குறைகளையும் எடுத்துரைத்தனர். அவ்வட்டத்தில் பிரான்வெல் இல்லை. சகோதரியர் நூல் வெளியிட்டதையே அவர் அறிந்திலர் என்பது சார்லட்டின் கூற்று.

மூவரும் புனைபெயரில் 1846இல் வெளியிட்ட கவிதைத் தொகுதி முதலாண்டில் இரண்டே படிகள் விற்றது. எனினும் மேசை உரையாடல் நிற்கவில்லை. 1847இல் 'ஜேன் அயர்', 'வுதரிங் ஹைட்ஸ்', 'ஆக்னஸ் கிரே' மூன்றும் வெளிவந்தன.

இளமைக் கற்பனை வேட்கையைத் தரும். அதனை எழுத்தாக முதிர்விப்பது குறை கூறத் தயங்காத செவிகளே. பத்தாண்டு கண்ட இவ்வட்டம் பாராட்டுரைக்கு மட்டுமன்றி, அத்தகைய செவிகளுக்கும் என்றும் இடமளிப்பதாகுக!