ஏற்பாரற்ற இடையூறு

கணினியின் செய்நிரல் இயங்குகையில் எதிர்பாராத இடையூறு தோன்றுவதுண்டு. அதனை ஏற்றுச் சமாளிக்கும் பகுதி எழுதப்பட்டிருப்பின் வேலை தொடரும். இல்லையேல், இடையூறு ஒரு பகுதியிலிருந்து அதனை அழைத்த மேற்பகுதிக்கென ஏறிச் சென்று, ஈற்றில் ஏற்பாரின்றிச் செய்நிரலையே நிறுத்திவிடும். பிழையான விடையோடு தொடர்வதிலும் நிற்றல் நன்று என்பதே இதற்குரிய நியாயம். அந்நியாயம் எவ்விடத்தும் பொருந்துமா?

1996ஆம் ஆண்டு யூன் 4ஆந் திகதி, பிரெஞ்சுக் கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏரியன் 5 றொக்கற்று முதன்முறையாகக் கிளம்பிற்று. அதன் நிலையையும் அசைவையும் அளக்கும் கருவியின் செய்நிரல், முந்திய ஏரியன் 4இற்கென எழுதப்பட்டது. புதிய றொக்கற்றின் கிடைவேகமோ பெரிது. அதனைச் சார்ந்த எண், 32,767இற்கு மேற்கொள்ளாத இடத்தில் அடங்கவில்லை. அவ்விடையூற்றை ஏற்கும் பகுதி அங்கில்லை. விதித்தபடி கருவி நின்றது. அதே செய்நிரலைக் கொண்ட துணைக்கருவி கணப்பொழுது முன்னரே நின்றுவிட்டது. நின்ற கருவி அனுப்பிய பழுதுக்குறிப்பைப் பறப்பின் அளவென்று கொண்ட முதன்மைக் கணினி, றொக்கற்றைத் திடீரெனத் திருப்பிற்று. ஒரு நிமிடமும் நிறையுமுன் நான்கு செய்மதிகளோடு அது சிதறியது. இடறிய அக்கணக்கோ, புறப்பட்டபின் தேவையே அற்றது.

ஒரு கருவி பழுதுற்றால் மற்றது காக்கும் என்பது அமைத்தோர் நம்பிக்கை. பொறியின் பழுதுக்கு அது பொருந்தும்; இரண்டிற்கும் பொதுவான எழுத்துப்பிழைக்குப் பொருந்தாது. மேசைமேலுள்ள கணினி நின்றால் மீண்டும் தொடக்கலாம். பறக்கும் றொக்கற்றுக்கு அவ்வாய்ப்பில்லை. ஆதலின், நிற்கும் செய்நிரலை நம்பி நிற்பது யாது என ஆராய்ந்த பின்னரே நிற்றலை விதித்தல் வேண்டும்.