தலையை நம்பாதீர்கள்



திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை அடுத்த ஆரியசாலையில் குடியிருப்பவன் யான். மொழிபெயர்ப்பு என் தொழில். ஒன்றுபோல் தோன்றும் இரு சொற்களை வாரமெல்லாம் பிரித்தறியும் எனக்கு, பூந்துறைக் கரையில் இரு பறவைகள் ஒரு பாடம் கற்பித்தன. அவை கடற்காகங்கள். மலையாளிகளும் அவற்றைக் ‘கடல்காக்க’ என்றே வழங்குகின்றனர்.

குளிர்காலத்தில் நம் கரைகளுக்குப் பழுப்புத்தலைக் கடற்காகமும் கருந்தலைக் கடற்காகமும் வருகின்றன. முன்னது திபெத்து, லடாக் போன்ற உயர்நிலத்து ஏரிகளில் குஞ்சு பொரிப்பது. பின்னது ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் பொரிப்பது. தலையைப் பார்த்தால் தெரியாதோ என்பீர்கள். தெரியாது. குளிர்காலத்தில் இரண்டிற்கும் தலை வெண்மையே. கண்ணுக்குப் பின்னே ஒரு கரும்பொட்டு மட்டும் எஞ்சும். வேனில் தொடங்கி நிறம் ஏறினாலும், கருந்தலை எனப்படுவதன் தலை உண்மையில் அடர்ந்த பழுப்பே. பெயரே நம்மை ஏமாற்றுகிறது!

ஆகவே, பறக்கையில் சிறகு நுனியை நோக்குங்கள். பழுப்புத்தலைக்கு நுனி அகன்ற கருமை, அதனுள் வெண்புள்ளிகள். கருந்தலைக்கோ சிறகின் முன்விளிம்பில் வெண்பட்டை ஓடும். கருமை நுனியோரத்தில் மெல்லிய கரையாக நிற்கும். அமர்ந்திருக்கையில் விழியை நோக்குங்கள். முதிர்ந்த பழுப்புத்தலைக்கு விழி வெளிறியது, மற்றதற்குக் கரியது. பழுப்புத்தலை உருவில் சற்றுப் பெரியது, அலகும் தடித்தது. ஆனால் அதன் இளம்பறவைக்கு விழி கரியதாயிருக்கும். சிறகில் வெண்புள்ளியும் இராது. அங்கே அகன்ற கருமையே துணை.

முதல் குளிர்காலத்தில் யான் கரும்பொட்டை மட்டும் கண்டு, அனைத்தையும் ‘கருந்தலை’ என்றே குறிப்பேட்டில் எழுதினேன். ஒருநாள் நாயொன்று கூட்டத்தைக் கலைத்தது. மேலெழுந்த சிறகுகளில் எல்லாம் வெண்புள்ளிகள்! முந்தைய பதிவுகளை அடித்துவிட்டு, ‘வகை அறியாக் கடற்காகம்’ எனத் திருத்தினேன். நாணமாகத்தான் இருந்தது, ஆயினும் அதுவே உண்மை.

1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளை ஆராய்ந்து பதிவு செய்தார். அத்தகைய பழம்பதிவுகளோடு ஒப்பிட்டே பறவைகள் பெருகினவா, அருகினவா என்று இன்று அறிகிறோம். நாளையோர் நம் குறிப்புகளை அவ்வாறே நாடுவர். பிழையான பெயர் ஒன்று, ஓர் இனம் மறைவதையே மறைத்துவிடக்கூடும்.

மும்பைக் கடற்கரையிலோ தில்லி யமுனைப் படித்துறையிலோ வாழும் தமிழன்பர்களே, இக்குளிர்காலத்தில் அங்கும் கடற்காகங்கள் வரும். சிறகைக் கண்டபின் பெயரை எழுதுங்கள். காணவில்லையெனில், அறியேன் என்றே எழுதுங்கள்.