துணி போர்த்திய விமானம்
(அம்மாபேட்டைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இது தறிச்சத்தம் கேட்கும் ஊர். ஆகவே துணி போர்த்திய ஒரு விமானத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவர்கள் ஓட்டியது புஸ் மாத் என்னும் ஒற்றை எஞ்சின் விமானம். உடலுக்கு எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே துணி.

இவ்வகை விமானத்தில் துணி கிழிந்தால், ஊசி நூலால் தைத்து, ஒட்டுத்துணி வைத்து, வார்னிஷ் போன்ற ஒரு பூச்சைப் பூச வேண்டும். அது காயும்போது துணி முரசுத்தோல்போல் இறுகும். புறப்படுமுன் பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து சிறிது வடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது, அடியில் தங்கும். எஞ்சினுக்குள் போனால் எஞ்சின் நடுவானில் நின்றுவிடும். இன்றும் சிறு விமானங்களில் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

தறியில் இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போடலாம். வானத்தில் நிறுத்த இடமேது?

பம்பாய் ஜுஹுவில் அவர்களுக்கு இருந்தது ஓலைக் கொட்டகை. மழைக்காலத்தில் களம் நீரில் மூழ்கும், பூனாவுக்கு மாறுவார்கள். அப்படியிருந்தும் முதல் ஆண்டு முழுவதும் தபால் நேரம் தவறவில்லை என்று அரசு அறிக்கை பாராட்டியது.

ஓட்டியவர்களின் பெயர் நிலைத்தது. எண்ணெய்க் கறை படிந்த கைகளை யார் நினைக்கிறார்கள்? கருவி வாங்குவது ஒருநாள் மகிழ்ச்சி. அதைப் பராமரிப்பது அன்றாட ஊழியம். கொடுக்கும்போது இரண்டையும் நினைப்போமாக.