பழைய கடைசல் இயந்திரம் வாங்குமுன்



வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் நம் இளைஞர்கள் சிலர் கட்டில் கால், மேசைக் கால் கடையும் தொழிலில் இறங்க விரும்புகின்றனர். மகிழ்ச்சிக்குரிய செய்தி இது. சாதியானது தொழிலைப் பங்கிட்டதோடு நில்லாமல் தொழிலாளரையே கூறுபடுத்தியது என்பதை 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். இன்னார்தாம் உளி பிடிக்கலாம் என்ற வேலியைத் தாண்டி நம் பிள்ளைகள் பட்டறை வைப்பது அக்கொடுமைக்கு நாம் தரும் விடையாகும்.

ஆயினும் முதற்படியிலேயே கால் இடறலாகாது. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் விசுவகர்மா திட்டத்தில் தச்சர்க்கு முதற்கட்டமாகக் கிடைக்கும் கடன் 1 இலட்சம் ரூபாய் வரை; வட்டி 5 விழுக்காடு; 18 மாதங்களில் அடைக்க வேண்டும். முழுத்தொகையும் பெற்றால் அசல் மட்டுமே மாதம் 5,500 ரூபாய்க்கு மேலாகிறது. இயந்திரம் நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. ஆதலின் பழைய இயந்திரத்தின் முன் நிற்கும்போது ஒன்றை மட்டும் ஆராயுங்கள்: இதன் குறைகளுள் மாற்றத்தக்கவை எவை, மாற்ற இயலாதவை எவை?

முதலில் நீளம். மேசையின் உயரம் ஏறத்தாழ 30 அங்குலம். இரு முனைகளுக்கும் இடையே 24 அங்குலமே உள்ள இயந்திரத்தில் அதன் காலை ஒரே துண்டாகக் கடைய முடியாது. எவ்வளவு மலிவாயினும் அது உங்களுக்கு உதவாது.

அடுத்தது பெட் எனப்படும் அடித்தளம். புதுப்பூச்சைக் கண்டு மயங்காதீர். துணியால் துடைத்து, விரிசலோ பற்றவைத்த தழும்போ உண்டா எனப் பாருங்கள். வார்ப்பிரும்பில் விழுந்த விரிசலை நம்பத்தக்க முறையில் சீராக்குவது அரிது, அத்தகையதை விட்டுவிடுங்கள்.

பின்னர் மின்சாரத்தை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஸ்பிண்டில் என்னும் சுழல்தண்டைக் கையால் சுழற்றுங்கள். கரகரத்தாலும், மேலும் கீழும் ஆடினாலும் பேரிங் தேய்ந்திருக்கலாம். இது மாற்றத்தக்க குறை. அச்செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். தண்டு வளைந்திருந்தாலோ, சக் பொருத்தும் மரை சிதைந்திருந்தாலோ செலவு பெரிது. மரையின் அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற சக் கடையில் கிடைக்குமா என விசாரியுங்கள்.

இருபுறமும் கூர்முனைகளைப் பொருத்தி, டெயில்ஸ்டாக்கை நகர்த்தி நெருக்குங்கள். முனைகள் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். டெயில்ஸ்டாக்கும் உளிதாங்கியும் இறுக்கிய இடத்தில் அசையாது நிற்க வேண்டும்.

கடைசியாக மோட்டார். மும்முனை மோட்டாராயின் வீட்டின் ஒருமுனை இணைப்பில் அப்படியே ஓடாது. அரைமணி நேரமேனும் ஓடவிட்டு, கருகிய வாடை, மிகுந்த சூடு, அதிர்வு இவற்றைக் கவனியுங்கள். மரத்துண்டு ஒன்றைக் கொண்டுசென்று கடைந்தும் பாருங்கள். அப்போது தளர்ந்த ஆடை வேண்டா. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும்.

கேட்ட விலையோடு பேரிங், சக், உளிகள், வண்டிக்கூலி அனைத்தையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை புதியதன் விலையை நெருங்கினால் திரும்பி வாருங்கள். வாங்கினால், இயந்திர எண் குறித்த இரசீது பெறுங்கள்.

"இவர்களுக்கு என்ன தெரியும்" என்ற எண்ணத்திலேயே நம்மிடம் விலை சொல்லுவோர் உண்டு. அவர்முன் சினம் வேண்டா. அளவுகோலும் குறிப்பேடும் எடுத்துச் செல்லுங்கள், தொழிலறிந்த ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். கேட்டு, தொட்டு, அளந்து அறிவதும் கல்வியே. இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் ஊட்டிய கல்வி, கடைவீதியிலும் உங்களைக் காக்கட்டும்.