ஓடுவதும் சரியாக ஓடுவதும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் நாம் உயிர்மருத்துவப் பொறியியலைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாயிருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் கழித்த பதினோரு நாட்களே இதற்கு நமக்குள்ள தகுதி.

சென்ற ஆண்டு நம் அன்னையார் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அவருக்குரிய மருந்தை ஒரு சிறு பம்பு அளவாகச் செலுத்திக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை, நம் காலனியில் வளர்ந்து அங்கே பொறியாளராகப் பணிபுரியும் பெண் வந்தாள். செவிலியர் வேறொரு பம்பை இணைத்ததும், பழையதைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள்.

"நன்றாக ஓடுவதை ஏனம்மா எடுக்கிறாய்?" என்று சற்றுக் கடிந்தே கேட்டோம்.

"ஓடுகிறது மாமா, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சோதனைத் தேதி கடந்துவிட்டது" என்றாள்.

மாலையில் அவளுடைய பணியறைக்குச் சென்றோம். பம்பை மணிக்கு 60 மில்லிலிட்டர் என அமைத்து, நீரை அளவுக் குவளையில் விட்டாள். அரைமணி நேரத்தில் 30 மில்லிலிட்டர் சேர வேண்டும், சேர்ந்ததோ 24. குழாயை அழுத்தும் உறுப்பு தேய்ந்திருந்தது. முகப்பில் மட்டும் 60 என்றே எண் ஒளிர்ந்தது. அன்னையாருக்கு எத்தனை நாள் மருந்து குறைந்து ஏறியதோ என்று நெஞ்சம் பதறியது. அவள் அதை மறைக்கவில்லை. உடனே மருத்துவருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாள். தேதி தவறியது ஏன் என்று கேட்டோம். அத்தனை வார்டுகளின் கருவிகளுக்கும் அங்கே இருவரே இருந்தனர்.

நம் ரயில்வேயில் பழுதுள்ள பெட்டிக்குச் 'சிக்' என்று சீட்டு ஒட்டி வண்டியிலிருந்து கழற்றுவார்கள். பயணிகள் ஏசுவார்கள். அவர்களை ஏளனமாகப் பார்த்த நாமே அன்று அதே பிழையைச் செய்தோம்.

அவளது அன்றாடப் பணி பெரும்பாலும் இத்தகையதே. ஈ.சி.ஜி. கருவிக்கு 1 மில்லிவோல்ட் கொடுத்தால் கோடு 10 மில்லிமீட்டர் உயர வேண்டும். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர வேண்டும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்திற்கு அதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரை ஒரு சோதனைப் பெட்டியில் பாய்ச்சி, 200 ஜூல் என்றால் 200 ஜூல் வருகிறதா என்று அளக்கிறாள். மின்கசிவையும் பார்க்கிறாள். இதயத்தைத் தொடும் கருவியில், இயல்பு நிலையில் 10 மைக்ரோஆம்பியருக்கு மேல் நோயாளியின் உடலில் கசியலாகாது. ஓர் ஆம்பியரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறே மைக்ரோஆம்பியர். ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதுகிறாள். பேரேடு எழுதும் நமக்கு அப்பதிவேட்டின் அருமை நன்கு விளங்கியது.

புதிய கருவி படைப்பதும் இத்துறையின் பணியே. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில், டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வு 1990இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. ஆயினும் படைத்ததைப் பேணுவோர் இல்லையெனில் பயன் ஏது?

ஆகவே சங்கத்தாரை மூன்று வேண்டுகிறோம். ஆஸ்பத்திரிக் கருவியில் ஒட்டியுள்ள சோதனைத் தேதியைப் படியுங்கள். கடந்திருந்தால் பணிவோடு செவிலியரிடம் சொல்லுங்கள். கைப்பேசிக்கு மின்னேற்றக் கட்டிலருகே உள்ள பிளக்கைக் கழற்றாதீர்கள். மருத்துவம் கிட்டவில்லையே என வாடும் பிள்ளைகளுக்கு இப்படிப்பும் உண்டென்று எடுத்துரையுங்கள்.

நம் அன்னையார் நலம் பெற்று, இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். மருத்துவருக்கும் செவிலியருக்கும் அன்றே நன்றி கூறினோம். அப்பெண்ணிடம் கடிந்துதான் பேசினோம். கூறாது விட்ட நன்றியை இம்மேடையில் கூறி அமர்கிறோம்.