காய்ச்சலுக்குப் போகும் வாசலிலேயே மனநோய்க்கும் மருந்து

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் மருத்துவத் துணைக்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

  

வழக்கமாக இந்த இடத்தில் எத்தனை பேருக்குச் சர்க்கரை பார்த்தோம், எத்தனை பேருக்குக் கண்ணாடி கொடுத்தோம் என்ற கணக்கை நாம் வாசிப்பது உண்டு. அக்கணக்கு அறிக்கையின் பின்பக்கங்களில் அச்சாகியிருக்கிறது. இன்று நமது முகாமில் நிகழ்ந்த ஒரு தவறைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறோம்.

பவர் டேபிள் வைத்து ஜாப் ஒர்க் எடுத்துச் செய்துவந்த சகோதரர் ஒருவர் நமது ஞாயிறு முகாமுக்கு நான்கு மாதங்கள் தொடர்ந்து வந்தார். நெஞ்சு அடைக்கிறது என்றார்; இ.சி.ஜி. எடுத்தோம், சீராக இருந்தது. தலைவலி என்றார், மாத்திரை கொடுத்தோம். தூக்கமில்லை, வயிறு எரிகிறது என்றார்; வாயுத் தொல்லைக்கும் சத்துக் குறைவுக்கும் எழுதிக்கொடுத்தோம். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின் மீது 50 விழுக்காடு வரி விதித்ததையும், ஏற்றுமதி நிறுவனங்களில் ஆர்டர்கள் நின்றதையும் நாம் எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் எதிரில் அமர்ந்திருந்த மனிதரின் டேபிள் ஓடுகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் முகாமுக்கு வருவதை நிறுத்திய சில வாரங்களில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, கோவையில் ஒரு மருத்துவமனையில் பத்து நாட்கள் கிடந்து, இறைவன் அருளால் பிழைத்தார். பெயர் சொல்லாமல் இதைச் சொல்ல அவரே இசைவு தந்தார். நான்கு முறை நம் கைக்கு வந்தவர் அவர். நாமோ நான்கு முறையும் இரத்த அழுத்தம் பார்த்து அனுப்பிவைத்தோம்.

இது நமது முகாமுக்கு மட்டும் நேர்வதன்று. மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பலர் மருத்துவரிடம் மனத்தைப் பற்றிச் சொல்வதில்லை. உடம்பைப் பற்றியே சொல்கிறார்கள். ஆகவே அவர்கள் முதலில் வந்து நிற்கும் இடம் ஆரம்ப சுகாதார நிலையம், இ.எஸ்.ஐ. மருந்தகம், தெருமுனை டாக்டரின் கிளினிக் ஆகியவையே. 2015–16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல் ஏதோவொரு மனநலக் கோளாற்றுடன் இருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர் எச்சிகிச்சையும் பெறாதிருப்பதாகவும் கண்டது. நமது தெருவில் எத்தனை வீடுகள் என்று மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மருந்து இல்லாமையால் இந்நிலை ஏற்படவில்லை. மருத்துவம் தனியாக, தொலைவில், ஒரு பெயர்ப்பலகையின் கீழ் இருப்பதே காரணம். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் ஓவர்லாக் டெய்லர் கோவைக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்த்துவர வேண்டுமென்றால் ஒரு நாள் சம்பளம் போகும். பஸ் செலவு தனி. அதைவிட, அந்தப் பலகையின் கீழ் நிற்பதைச் சொந்தக்காரர் எவரேனும் பார்த்துவிட்டால் மகளுக்கு வரன் பேசுவது கடினமாகிவிடும் என்ற அச்சம். காய்ச்சலுக்குச் செல்லும் வாசலிலேயே அம்மருந்தும் கிடைக்குமானால் இவ்விரண்டு தடைகளும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன.

இந்த யோசனை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1975-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சண்டிகருக்கு அருகே ராய்ப்பூர் ராணியிலும், பெங்களூருக்கு அருகே சகலவாராவிலும் கிராம சுகாதார ஊழியர்களைக் கொண்டு மனநோய்க்கு மருத்துவம் செய்து பார்த்தார்கள். 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குப் பயிற்சி தந்து, சாதாரண மருந்துகளை அங்கேயே வழங்கச் செய்தது. அம்முறையையே முன்மாதிரியாகக் கொண்டு 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவாயிற்று. அதன் முதல் தவணையில் சேர்க்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் நமது திருச்சியும் ஒன்று.

நம் சமுதாயம் மறக்கக் கூடாத நாள் ஒன்று இதற்கிடையே வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலை, ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றி, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். தர்காவை நாடி வந்தவர்கள் அவர்கள். கொண்டுவந்து விட்டவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. அவ்வீடுகளில் அன்பு இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த நோய்க்கு ஒரு மாத்திரை கிடைக்கும் என்பதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை. அதன் பின் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது; அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துவிட்டது. குஜராத்தில் உனாவா என்னும் ஊரின் மீரா தாதார் தர்காவில், துஆவை நிறுத்தச் சொல்லாமல், அவ்வளாகத்திலேயே மருத்துவரை அமர்த்தி, ‘தவாவும் துஆவும்’ என்று ஒரு பணி நடத்தினார்கள். ஓதிப் பார்ப்பவர்களே நோயாளியை மருத்துவரிடம் அனுப்பிவைத்தார்கள். நமது ஹஜ்ரத் அவர்களிடமும் தண்ணீர் ஓதி வாங்க வருகிறவர்கள் உண்டு. அவர்களில் யாரை மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்பதை நாமும் ஹஜ்ரத்தும் கூடிப் பேசியிருக்கிறோம்.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்று சிலர் கேட்கிறார்கள். நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். துக்கம் நேர்ந்த வீட்டில் வாற்கோதுமைக் கஞ்சியான தல்பீனாவைக் காய்ச்சிக் கொடுக்கும்படி அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் சொல்லிவந்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். கி.பி. 934-இல் காலமான அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் அறிஞர், உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். மருத்துவர்கள் உடலை மட்டும் எழுதிவிட்டு உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது அவர் குறை. காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் வந்து கவியும் துயரம் வேறு என்று பிரித்து, பின்னதற்கு உடம்புக்கான மருத்துவமும் வேண்டும் என்றார். பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன் பல்க் நகரத்தார் எழுதியதை இன்று நாம் புதுமை என்று அஞ்சுவது சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

தற்கொலை செய்துகொண்டவருக்கு ஜனாஸா தொழுகை உண்டா என்று அண்டை ஊர் ஒன்றில் மய்யித்தை வைத்துக்கொண்டு அரை நாள் வாதாடினார்கள் என்று கேள்விப்பட்டோம். அச்செயல் பெரும் பாவம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தொழவைக்க வேண்டும் என்பதே பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. புத்தி பேதலித்தவரின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பதும் நாம் அறிந்ததே. அந்த வீட்டுப் பிள்ளைகள் அந்த அரை நாளை வாழ்நாள் முழுதும் சுமப்பார்கள். நம் ஜமாஅத்தில் அப்படி நிகழக் கூடாது என்பதை ஹஜ்ரத் அவர்களின் ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறோம்.

இனி, டாக்டரல்லாத நம்மால் என்ன முடியும் என்ற கேள்விக்கு வருகிறோம். கோவாவில் 12 அரசு சுகாதார நிலையங்களிலும் 12 தனியார் கிளினிக்குகளிலும் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2010-இல் லான்செட் இதழில் வந்தது. மருத்துவம் படிக்காத உள்ளூர்ப் பெண்களுக்கு இரண்டு மாதப் பயிற்சி கொடுத்து, கிளினிக்கிலேயே உட்காரவைத்தார்கள். நோயாளிக்கு நோயை விளக்குவது, மூச்சுப் பயிற்சி சொல்வது, மாத்திரையை இடையில் நிறுத்தாமல் பார்ப்பது, வராதவரைத் தேடிப் பிடிப்பது ஆகியவை அவர்கள் வேலை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அரசு நிலையங்களில் இவ்வுதவி பெற்றவர்களில் நூற்றுக்கு 66 பேரும், பெறாதவர்களில் 42 பேரும் தேறியிருந்தனர். தனியார் கிளினிக்குகளில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. பழகிய குடும்ப டாக்டர் ஏற்கெனவே பேசுகிறார், கூட்ட நெரிசலில் இருக்கும் டாக்டருக்குத்தான் பக்கத்தில் ஓர் ஆள் தேவை என்று நாம் பொருள் கொள்கிறோம். நமது முகாமிலும் டாக்டருக்கு ஓர் ஆளுக்கு மூன்று நிமிடந்தான் கிடைக்கிறது.

ஆகவே இவ்வாண்டு முதல், இரத்த அழுத்தம் பார்க்கும் மேசையிலேயே இரண்டு வினாக்கள் கேட்கப்படும். கடந்த இரு வாரங்களில் மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா, எப்போதும் பிடித்த காரியங்களில் நாட்டம் குறைந்ததா என்பன அவை. ஆம் என்பவரை டாக்டர் தனியே அமர்த்திப் பேசுவார். தைராய்டு போன்ற உடற்காரணம் உண்டா என்பதையும் பார்ப்பார். தேவைப்படுவோர் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவர். அக்கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பின், எல்லாவற்றுக்கும் கோவைக்கு ஓடும் நிலை ஓரளவு குறைந்திருக்கிறது. மனச்சோர்வு மாத்திரை இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்தே வேலை செய்யத் தொடங்கும். பத்தாம் நாள் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுவதுதான் நம் மக்களின் வழக்கம். இதைத் தூக்க மாத்திரை என்றும், பழகிவிடும் என்றும் கருதுவது தவறு.

இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்போர் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அத்திட்டத்தின் நீண்டகால நோய் உதவித்தொகைப் பட்டியலில் மனச்சிதைவு முதலான கடும் மனநோய்களும் உள்ளன. சாதாரண நோய் விடுப்புத் தொகை 91 நாளில் முடிந்த பின்னும், இரண்டாண்டு தொடர் பணி முதலான நிபந்தனைகள் நிறைவாகியிருந்தால், ஊதியத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். பீஸ் ரேட்டில் அட்டையின்றி வேலை செய்யும் நம் சகோதரர்களுக்கு இது கிட்டாது. அவர்களுக்கு மருந்துச் செலவும் பஸ் செலவும் பைத்துல்மாலிலிருந்து தரலாம் என்று நிர்வாகக் குழு இசைந்துள்ளது. இரவிலோ அவசரத்திலோ 14416 என்ற அரசின் மனநல எண்ணுக்கு அழைத்தால் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணமில்லை.

சில கவலைகளையும் மறைக்காமல் சொல்கிறோம். ஜமாஅத்தில் ஒருவர் சொன்னது அஸருக்குள் காதர்பேட்டை வரை போய்விடும் என்று சகோதரிகள் சிலர் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆதலால் இரண்டு வினாக்களுக்கான விடைகள் பள்ளிவாசல் பதிவேட்டில் ஏறாது. டாக்டரின் சீட்டில் மட்டுமே இருக்கும். குடும்ப வழக்குகளை விசாரிக்கும் குழுவினர் அதைக் கேட்கவும் கூடாது, பார்க்கவும் கூடாது. நோய் என்று ஒருவர் சீட்டில் இருப்பதை நாளை ஒரு குலா, தலாக் விசாரணையில் எவரேனும் எடுத்துவந்தால், அச்சீட்டை ஏற்பதில்லை என்று இப்பொதுக்குழுவே தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறோம். தீர்மான வாசகம் செயலாளரிடம் உள்ளது.

பயிற்சி பெற முன்வரும் சகோதரிகள் நால்வரும் சகோதரர்கள் இருவரும் தேவை. படிப்பு பெரிதாக வேண்டியதில்லை. கேட்டதை வெளியே சொல்லாதவராக இருந்தால் போதும். பெயர் கொடுக்க விரும்புவோர் இஷா தொழுகைக்குப் பின் அலுவலக அறையில் துணைக்குழுவினரைச் சந்திக்கலாம். தொடக்கத்தில் சொன்ன அந்தச் சகோதரர் முதல் பெயராகத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார். வஸ்ஸலாம்.